எனக்கும் இதே நாடிதானே

சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் படிவத்தில் என் பெயருக்குக் கீழே மூன்று வேலைகள் எழுதப்பட்டிருந்தன. மேல்தாடையை வெட்டி 4 மில்லிமீற்றர் முன்னுக்குக் கொண்டுவருவது முதலாவது. கீழ்த்தாடையை இரு பக்கமும் பிளந்து 5 மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளுவது இரண்டாவது. நாடி எலும்பில் ஒரு கீற்றை எடுத்துவிட்டு அதன் உயரத்தைக் குறைப்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் யார் காரணம் கேட்டாலும் தலை நிமிர்ந்து பதில் சொல்ல என்னால் முடிந்தது. மூன்றாவதற்கான காரணத்தைப் பற்றி அம்மாவையும் வைத்தியரையும் தவிர வேறொருவரிடமும் இதுவரை நான் வாய் திறக்கவில்லை. கையெழுத்து வைத்தது 2023 பெப்ரவரியில். அதை எழுதத் துணிவதற்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

நாடி என்று நான் எழுதுவது, எங்கள் பேச்சில், வாய்க்குக் கீழே இருக்கும் அந்த மேட்டைத்தான். சென்னையில் படித்துவிட்டு வந்த தோழி ஒருத்தி "நாடியில் சத்திரசிகிச்சையா?" என்று கேட்டபடி என் மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே அதை முகவாய்க்கட்டை என்பார்களாம். அகராதியில் மோவாய் என்றிருக்கிறது. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள் என்றாலும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் வீட்டில் பேசிய சொல்தான் எனக்கு வருகிறது, எனவே இந்தப் பதிவு முழுவதும் நாடி என்றே எழுதுகிறேன்.

என் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி வளர்ந்திருந்தது. வாயை மூடினால் மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசையைச் சற்று மூடிக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். எனக்கோ கீழ்வரிசை வெளியே நின்றது, அதோடு கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொட்ட பிறகும் முன்பற்களுக்கிடையே ஒரு நீக்கல் இருந்தது. பாணைக் கடித்துப் பிய்க்க முடியாது, கையால் பிய்த்து உள்ளே வைக்க வேண்டும். மாங்கொட்டையைச் சூப்பலாம், மாம்பழத்தைக் கடிக்க முடியாது. பாடசாலையில் தையல் பாடத்தின்போது மற்றப் பிள்ளைகள் நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டிருக்க, நான் கத்தரிக்கோலுக்காக வரிசையில் நிற்பேன். கொத்துரொட்டி எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்பது மிகவும் பிந்தித்தான் விளங்கியது: நான் கடிக்க வேண்டியதைக் கடைக்காரரே இரண்டு தகட்டால் தட்டித் தட்டிச் செய்து முடித்துவிடுகிறார்.

பதினைந்து வயதில் அம்மா என்னை முதன்முதலாகப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போனபோது, வளர்ச்சி முடியட்டும், அதற்குப் பிறகு வாருங்கள் என்றார்கள். அன்றைக்கு அது தட்டிக்கழிக்கும் பேச்சாகப் பட்டது. பின்னர்தான் காரணம் தெரிந்தது. முகத்தின் மற்ற எலும்புகள் வளர்ந்து முடித்த பின்னும் கீழ்த்தாடை வளர்ந்துகொண்டிருக்கும். இடையில் வெட்டிப் பின்னுக்குத் தள்ளினால் அது மீண்டும் முன்னுக்கு வளர்ந்து, செய்த வேலையெல்லாம் வீணாகிவிடும். பெண்களுக்குப் பதினாறு, பதினேழு வயதுக்குப் பிறகும் ஆண்களுக்கு இன்னும் சில வருடங்கள் கழித்தும்தான் இதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். நான் திரும்பிப் போனது 2020இன் முடிவில், இருபத்தேழு வயதில், சொந்தச் சம்பளம் கைக்கு வந்த பிறகு.

வாய், தாடை, முகச் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காத்திருப்பது எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் மூன்றாவது காரணத்தை நான் விழுங்கிக்கொண்டது அங்கேதான். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். அதன் பெரும் பகுதிக்குக் காரணம் வெற்றிலை, பாக்கு, புகையிலை. தாடையைச் சீரமைக்கும் அதே நிபுணர்தான் அந்தப் புற்றுநோயையும் வெட்டி எடுக்கிறார், மோட்டார் சைக்கிளில் விழுந்து உடைந்த கன்ன எலும்பையும் பொருத்துகிறார், பிளந்த அண்ணத்தோடு பிறந்த குழந்தையையும் பார்க்கிறார். ஒரு நாள் எனக்குப் பக்கத்தில் மலையகத்திலிருந்து இரவு பஸ் பிடித்து வந்த ஐயா ஒருவர் இருந்தார். பாக்குப் போட்டுப் போட்டுக் கன்னத்தின் உட்பக்கம் இறுகி, இரண்டு விரலுக்கு மேல் வாய் திறக்க முடியாத நிலை. மகள் வாங்கி வந்த பணிஸைச் சிறு துண்டாக்கித் தேநீரில் ஊறவைத்து, பற்களுக்கிடையே தள்ளித் தள்ளிச் சாப்பிட்டார். "உங்களுக்கு என்ன, பிள்ளை?" என்று கேட்டார். "கடிக்க முடியாது, ஐயா" என்றேன். அது உண்மைதான், ஆனாலும் முழு உண்மை அல்ல. அவருக்கு முன்னால், நாடி நீளமாக இருக்கிறது, கண்ணாடியில் பக்கவாட்டாகப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

2021 தொடக்கத்தில் பல்லுக்குக் கிளிப் போட்டார்கள். கிளிப் போட்டால் பல் நேராகும், முகம் திருந்தும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தாடைச் சத்திரசிகிச்சைக்கு முன் போடும் கிளிப் முகத்தை முதலில் கெடுக்கிறது. இதை யாரும் எனக்கு ஒழுங்காக எச்சரிக்கவில்லை, அல்லது எச்சரித்தபோது நான் காதில் வாங்கவில்லை. விசயம் இதுதான்: தாடைகள் பொருந்தாமல் வளரும்போது பற்கள் தாமாகவே சரிந்து சமாளிக்கப் பார்க்கும். கீழ்ப்பற்கள் உள்ளுக்குச் சாய்ந்தும் மேல்பற்கள் வெளியே சாய்ந்தும், எலும்பின் குறையைப் பாதி மறைத்துவிடும். அந்த மறைப்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு பல்லையும் அதன் எலும்பின் மேல் நிமிர்த்தி வைத்தால்தான், எலும்பை எவ்வளவு நகர்த்த வேண்டுமோ அவ்வளவு நகர்த்த இடம் கிடைக்கும். ஆகவே மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய்க் கம்பியை இறுக்கிவிட்டு வரும்போதெல்லாம் என் கீழ்வரிசை இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. பதினாறு மாதம் கழித்து எடுத்த படத்தில் நான் முன்பிருந்ததைவிட மோசமாக இருந்தேன். வைத்தியர் அதைப் பார்த்து மிகவும் திருப்தியாகத் தலையசைத்தார்.

முகக்கவசக் காலம் அது என்பதால் தப்பினேன். புதிதாகச் சேர்ந்த அலுவலகத்தில் என் நாடியைப் பார்க்காமலே ஒன்றரை வருடம் என்னோடு வேலை செய்தவர்கள் இருந்தார்கள். முகக்கவசத்தைக் கழற்றித் தேநீர் குடிக்க நேர்ந்த அன்று ஒரு சக ஊழியரின் கண் ஒரு கணம் கீழே இறங்கி மீண்டும் மேலே வந்ததை நான் கண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர்.

2022 நடுப்பகுதிக்குத் திகதி குறித்திருந்தார்கள். அந்த வருடம் கொழும்பில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வரிசை, மின்வெட்டு, மருந்துத் தட்டுப்பாடு. உயிருக்கு அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தார்கள், என்னுடையதும் அந்தப் பட்டியலில் போனது. அது நியாயம்தான். ஆனால் புதிய திகதி என்ன என்பதை அறிய எட்டு மாதத்தில் பதினொரு முறை நேரில் போக வேண்டியிருந்ததும், ஒரு முறை என் கோப்பே காணாமல் போய் எக்ஸ்ரேயை மறுபடி எடுக்க வேண்டி வந்ததும் நியாயம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அந்த எட்டு மாதமும் நான் அந்தக் கெட்டுப்போன இடைக்கால முகத்தோடுதான் திரிந்தேன், முகக்கவசமும் வழக்கொழிந்துவிட்டிருந்தது.

அந்த இடைவெளியில்தான் மாமி வந்தார். மாமி அப்பாவின் தங்கை. அப்பா காலமாகிப் பத்து வருடமாகிறது. எங்கள் வீட்டில் அப்பாவின் முகம் இப்போது மாமியிடம் மட்டும்தான் இருக்கிறது, அந்த நாடி உட்பட. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து, நாற்காலியில் அமர்ந்து, நாடியை வெட்டப்போகிறார்களாமே என்று கேட்டார். அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாராக்கும் என்று நினைத்து நான் பதறிப்போய், தாடையைத்தான் மாமி, கடிக்க முடியாததால் என்று இழுத்தேன். "எனக்கும் இதே நாடிதானே பிள்ளை. நான் என்ன குறைஞ்சு போனனான்?" என்றார். அதட்டலாகக்கூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில். கேட்டுவிட்டு அம்மா கொடுத்த முறுக்கைக் கடைவாயில் வைத்து உடைத்தார். அப்போதுதான் கவனித்தேன், மாமியும் முன்பல்லால் கடிப்பதில்லை. அறுபத்தெட்டு வருடமாகக் கடைவாயால் உடைத்துச் சாப்பிட்டிருக்கிறார், யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. தாடைக்குச் சொல்ல என்னிடம் ஆயிரம் காரணம் இருந்தது, நாடிக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது.

சத்திரசிகிச்சையின் வழிமுறையைப் பற்றி நான் படித்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதில் எனக்கு ஒரு மோகமே வந்துவிட்டது. கீழ்த்தாடையை வெட்டி இடம் மாற்றியதாகப் பதிவான முதல் சிகிச்சை 1849இல் அமெரிக்காவின் வீலிங் நகரில் நடந்தது. சைமன் ஹலிஹன் என்பவர் அதைச் செய்தார். சிறுவயதில் பட்ட தீக்காயத்தின் தழும்பு கழுத்தை இழுத்து இழுத்துத் தாடையை நீட்டிவிட்டிருந்த ஓர் இளம்பெண்தான் நோயாளி. மேல்தாடையின் கதை வேறு. பிரான்சில் ரெனே லு ஃபோர் என்பவர் இறந்தவர்களின் முகங்களில் பலவாறாக அடித்து, எலும்பு எந்தெந்தக் கோடுகளில் உடைகிறது என்று பார்த்து 1901இல் எழுதினார். உடைவதைப் பற்றி அவர் கண்ட கோடுகளில் எல்லாவற்றுக்கும் கீழே, மூக்கின் அடியில் கிடையாக ஓடும் கோட்டில்தான் இன்று வேண்டுமென்றே வெட்டுகிறார்கள். என் படிவத்தில் அவருடைய பெயர்தான் எழுதியிருந்தது. கீழ்த்தாடைக்கு வழி கண்டவர் ஒஸ்ரியாவில் பிறந்த ஹூகோ ஒப்வேகேசர். தாடையைக் குறுக்கே அறுக்காமல், வாய்க்குள்ளிருந்தே நெடுகப் பிளக்கும் அவருடைய முறை 1957இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தீப்பெட்டியின் உட்பெட்டி உறைக்குள் சறுக்குவதைப் போல, பற்களைத் தாங்கிய பகுதி மூட்டைத் தாங்கிய பகுதியின் மேல் சறுக்கும். எலும்பு எலும்போடு அகலமாகப் படிந்திருப்பதால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். வெளியே தழும்பும் இராது.

சிக்கல் என்னவென்றால், பிளக்கும் அந்த எலும்புக்குள்ளேயே கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு கொடுக்கும் நரம்பு ஓடுகிறது. பல் பிடுங்க ஊசி போடும்போது உதடு மரத்துப்போவது அந்த நரம்பால்தான். அதை வெட்டுவதில்லை, ஆனாலும் இழுபடும், நசிபடும். சில வாரமோ சில மாதமோ உணர்வு மந்தமாகும், சிலருக்கு ஒரு பகுதி திரும்பாமலே போகும். நாடியின் வெட்டும் அந்த நரம்பு எலும்பிலிருந்து வெளியே வரும் துவாரத்துக்குச் சில மில்லிமீற்றர் கீழேதான் செல்கிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் அந்த ஆபத்துக் கூடும்.

இதை வைத்தியர் எனக்கு விளக்கியது ஒரு தாளை வைத்து. என் பக்கவாட்டு எக்ஸ்ரேயின் மேல் எண்ணெய்த்தாள் போன்ற ஒரு மெல்லிய தாளை விரித்து, மூக்கு, உதடு, பற்கள், இரு தாடைகள் எல்லாவற்றையும் பென்சிலால் வரைந்திருந்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துத் தாடைகளைத் தனித்தனியே வெட்டி, மேல்தாடையை முன்னுக்கும் கீழ்த்தாடையைப் பின்னுக்கும் தள்ளி, பற்கள் பொருந்தும் இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்தார். கடி சரி. அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, நாடியின் நடுவில் அகலமில்லாத ஒரு கீற்றை வெட்டி எடுத்துவிட்டுக் கீழ்த்துண்டை மேலே தள்ளிக் காட்டினார். நான்கே மில்லிமீற்றர், தாளில் ஒரு நகக்கீற்று. அது என் முகம் என்று எனக்கு உடனே தோன்றியது. "இது கடிக்காக இல்லை, முகத்துக்காக" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சிங்களவர், மிகவும் பொறுமையான மனிதர். "வேண்டுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், மரத்துப்போவதையும் யோசித்துக்கொள்ளுங்கள்." வேண்டும் என்றேன். யோசிக்க ஒரு நாள் கூட எடுக்கவில்லை. கிளினிக்கில் அந்த ஐயாவிடம் விழுங்கியதை, மாமியிடம் விழுங்கியதை, ஒரு தாள்துண்டைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

சத்திரசிகிச்சை ஐந்து மணித்தியாலம். வாய் தேவைப்படுவதால் மூச்சுக்குழாயை மூக்கு வழியாக விடுவார்கள், இரத்தப்போக்கைக் குறைக்க இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி வைப்பார்கள், எலும்புகளைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்கு என் பற்களின் அச்சில் முன்கூட்டியே செய்த பிளாஸ்ரிக் தகடொன்றை இடையில் வைத்துக் கட்டுவார்கள். எல்லாம் முடிய, மேல்தாடையில் 4, கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒன்றாக 2, நாடியில் 1 என 7 டைட்டேனியம் தகடுகள் எனக்குள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. கட்டுநாயக்க விமான நிலையத்தில் மணி அடிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அடித்ததில்லை.

கண் விழித்தபோது வலியைவிட மூச்சுத்தான் பயமுறுத்தியது. மூக்கு அடைத்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் இறப்பர் வளையங்களால் பிணைக்கப்பட்டு, உதடு இருக்கும் இடம் தெரியாமல் கிடந்தேன். முன்பெல்லாம் கம்பியால் இறுகக் கட்டிவிடுவார்களாம். என் தலைமாட்டில் ஒரு சிறு கத்தரிக்கோல் மட்டும் கயிற்றில் தொங்கியது, வாந்தி வந்தால் வளையத்தை வெட்டுவதற்கு. "நங்கி (தங்கச்சி), மூக்கால் மெதுவாக" என்று ஒரு தாதி இரவு முழுவதும் வந்து வந்து சொன்னார். வீக்கம் மூன்றாம் நாள் உச்சத்துக்கு வந்தது. அன்று அம்மா என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார். கன்றிய நிறம் கழுத்தால் இறங்கி மார்பு வரை வந்து மஞ்சளாகி மறைந்தது.

சாப்பாடு ஆறு வாரம் ஊசிக்குழலால். பருப்புத் தண்ணீர், வடித்த கோழிச் சூப், இலைக்கஞ்சி, நெஸ்டமோல்ட். அம்மா சொதியைக்கூட பிளெண்டரில் அடித்து, வடித்து, கறிவேப்பிலைத் துகள் ஒன்று குழலை அடைத்துவிட்டால் தன் பிழை என்பது போல் கவலைப்பட்டார். ஏழு கிலோ குறைந்தேன். பிறகு வாயைத் திறக்கும் பயிற்சி: ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே நுழைத்து, தினம் எத்தனை போகிறது என்று எண்ண வேண்டும். முதல் நாள் எட்டு. மூன்று நாள் அதே எட்டு. ஒன்பதாவது குச்சி போன அன்று அழுதேன். இருபத்திரண்டுக்கு வர மூன்றரை மாதம் பிடித்தது. கிளினிக்கில் பணிஸைத் தள்ளித் தள்ளிச் சாப்பிட்ட அந்த ஐயாவுக்கு எத்தனை குச்சி போயிருக்கும் என்று அந்த நாட்களில் அடிக்கடி கணக்குப் போட்டேன், மூன்று விரல்கூட இல்லையே, பதினைந்து இருக்குமா.

இரண்டாம் மாதத்திலிருந்து உதட்டில் எறும்பு ஊர்வது போலத் தொடங்கியது. நரம்பு விழிக்கிறது என்றார்கள். வைத்தியர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சாலும் ஊசிமுனையாலும் தொட்டுத் தொட்டு, தெரியும் இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் இடையே பேனாவால் ஒரு கோடு போட்டார். மாதம் தோறும் அந்த வட்டம் சுருங்கிக்கொண்டு வந்து, ஒன்றரை வருடத்தில், நாடியின் இடப்பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் குற்றியளவு இடத்தோடு நின்றுவிட்டது. அது இனி அசையாது என்றே நினைக்கிறேன். உதடு முழுதாகத் திரும்பிவிட்டது. ஆக, கடிக்காகச் செய்தது எனக்கு எந்த இழப்பையும் தரவில்லை. விலை கேட்டது நான் முகத்துக்காகக் கேட்டு வாங்கிய அந்த நாடிதான் என்று ஒரு காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். அது எந்த வெட்டால் வந்தது என்று உண்மையில் பிரித்துச் சொல்ல முடியாது என்று வைத்தியர் சொன்னபோது ஏனோ சிறிது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இப்போது உறவினர், தோழிகளின் பிள்ளைகள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பெரும்பாலும் தாடைக்கோடு கூராக வேண்டும் என்று ஆசைப்படும் பதினெட்டு வயதுப் பையன்கள். நாக்கை அண்ணத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் எலும்பு மாறிவிடும் என்று காணொளி பார்த்திருக்கிறார்கள். வளர்ந்து முடிந்தவரின் எலும்பு அப்படி நகராது. நாடிக்குள் சிலிக்கோன் வைப்பதும், ஊசியால் நிரப்புவதும் இருக்கின்றன, கடி சரியாக இருப்பவருக்கு அவை போதுமாயிருக்கலாம். கடி பிழையாக இருக்கும்போது நாடியை மட்டும் திருத்துவது சுவர் சரிந்திருக்க வர்ணம் பூசுவது போன்றது என்பது என் எண்ணம். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வியை நான் இழிவாகப் பார்ப்பதில்லை. அழகுக்காகவா வருத்தத்துக்காகவா, அதாவது நோய்க்காகவா, என்று அவர்களிடம் கேட்பவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. என்னிடமும் அப்படித்தான் கேட்டார்கள், நானும் வருத்தத்துக்கு என்று பாதிப் பொய் சொல்லி மரியாதையை வாங்கிக்கொண்டேன்.

முதன்முதலாக முன்பல்லால் கடித்தது காலிமுகத்திடலில், இறால் வடை. இறாலின் ஓடு மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நறுக்கென்று முறிந்தது. அந்தச் சத்தம் வாயின் முன்பக்கத்திலிருந்து வருவது முப்பது வயதில் புதிதாயிருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் தன் வடையையும் நீட்டினார்.

போன மாதம் மாமி சாப்பிட வந்திருந்தார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நானும் அவரிடம் இந்தப் பதிவில் எழுதியதைச் சொல்லவில்லை. சோறும் கணவாய்க் கறியும். பேச்சு யாரோ ஒருவரின் கலியாணத்தைப் பற்றி. நடுவில் மாமி பேச்சை நிறுத்தி என்னையே பார்த்தார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவர் இடக்கையைத் தூக்கி, ஒரு விரலால் தன் நாடியின் ஓரத்தைத் தொட்டு, இரண்டு தரம் தட்டிக் காட்டினார். நான் அதே இடத்தில் என் நாடியைத் துடைத்தேன். விரலில் ஒரு சோற்றுப் பருக்கை வந்தது.